குழந்தைகளுக்கான காசா (CASA) தன்னார்வத் திட்டங்களை மாநில அரசு கண்காணிக்கும் முறை: வர்ஜீனியாவை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஒரு குழந்தை வீட்டில் அடித்துத் துன்புறுத்தப்படுகிறது, அல்லது சோறும் மருந்தும் கவனிப்பும் இன்றிக் கைவிடப்படுகிறது என்ற புகார் நீதிமன்றத்துக்கு வரும்போது, அந்த அறையில் பலர் இருப்பார்கள். பெற்றோருக்கு ஒரு வழக்கறிஞர் இருப்பார். சமூக நலத் துறைக்கு ஒருவர் இருப்பார். பல மாநிலங்களில் குழந்தைக்கும் ஒருவர் நியமிக்கப்படுவார். ஆனால் அந்தக் குழந்தை நேற்று இரவு எங்கே உறங்கியது, பள்ளிக்கு எத்தனை நாள் போகவில்லை, பாட்டியைக் கண்டால் சிரிக்கிறதா ஒதுங்குகிறதா என்பதை நேரில் பார்த்துச் சொல்லும் ஆள் பெரும்பாலும் இருப்பதில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகரில் கிங் கவுண்டி நீதிபதியாக இருந்த டேவிட் சூக்கப் 1976-இல் இந்தக் குறையை உணர்ந்தார். போதிய விவரம் கையில் இல்லாமல் குழந்தைகளின் வாழ்க்கையைத் தீர்மானிக்க வேண்டியிருந்த நிலை அவரை வருத்தியது. பயிற்சி பெற்ற பொதுமக்களை ஒவ்வொரு குழந்தைக்கும் ஒருவராக நியமிக்கலாம் என்ற அவரது எண்ணம் 1977-இல் ஒரு திட்டமாகத் தொடங்கியது. 'நீதிமன்றம் நியமிக்கும் சிறப்புப் பரிந்துரையாளர்' என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'காசா' என்று அதை இன்று நாடெங்கும் அழைக்கிறார்கள்.

காசா தன்னார்வலர் சம்பளம் வாங்குவதில்லை. வழக்கறிஞராகவோ சமூகப் பணியாளராகவோ இருக்க வேண்டியதும் இல்லை. ஆயினும் நீதிமன்ற ஆணை கையில் இருந்தால் குழந்தையின் பள்ளிப் பதிவேடுகளையும் மருத்துவக் கோப்புகளையும் பார்க்கலாம், குழந்தையிடம் தனியே பேசலாம், குழந்தை வீடு திரும்பலாமா என்று முடிவெடுக்கப்போகும் நீதிபதி படிக்கும் அறிக்கையை எழுதலாம். நல்ல மனம் ஒன்றை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய இடத்தை யாருக்கும் கொடுத்துவிட முடியாது என்பதால்தான் மாநில அரசின் கண்காணிப்பு தேவைப்படுகிறது.

அந்தக் கண்காணிப்பு ஒரு திட்டத்தில் உண்மையிலேயே நடக்கிறதா என்று படிப்படியாகச் சரிபார்க்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். தன்னார்வலராகச் சேர நினைப்பவர், உள்ளூர்த் திட்டத்தின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக அழைக்கப்பட்டவர், தம் வரிப்பணம் போகும் இடத்தை அறிய விரும்பும் குடிமகன் ஆகிய மூவருக்கும் இது பயன்படும். சட்டம் தெளிவாக எழுதப்பட்டிருப்பதாலும், தமிழர் கணிசமாக வாழும் மாநிலம் என்பதாலும் வர்ஜீனியாவை மையமாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: உங்கள் மாநிலத்தில் கடிவாளம் யார் கையில் என்று கண்டறிதல்

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. 1974-இல் இயற்றப்பட்ட குழந்தைக் கொடுமைத் தடுப்பு மற்றும் சிகிச்சைச் சட்டம், தன் நிதியைப் பெறும் மாநிலங்களுக்கு ஒரு நிபந்தனை விதிக்கிறது. கொடுமையோ புறக்கணிப்போ நிகழ்ந்து நீதிமன்றம் வரை வரும் ஒவ்வொரு வழக்கிலும் குழந்தையின் நலனுக்காக நீதிமன்றத்தில் பேச 'வழக்குப் பாதுகாவலர்' ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். அவர் அந்தப் பணிக்கு ஏற்ற பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். வழக்கறிஞராகவோ காசா தன்னார்வலராகவோ இருவருமாகவோ இருக்கலாம். இந்த 'இருக்கலாம்' என்ற இடத்தில்தான் மாநிலங்கள் வெவ்வேறு திசையில் பிரிகின்றன.

வட கரோலினாவில் 1983-இல் சட்டமன்றம் உருவாக்கிய வழக்குப் பாதுகாவலர் திட்டம் நீதிமன்ற நிர்வாக அலுவலகத்துக்குள்ளேயே இயங்குகிறது. அங்கே அலுவலர்கள் அரசுப் பணியாளர்கள், தன்னார்வலரோடு ஒரு வழக்கறிஞரும் இணைந்து பணியாற்றுகிறார். புளோரிடாவில் மாநிலம் தழுவிய தனி அலுவலகமே உண்டு. அரிசோனாவில் மாநில உச்ச நீதிமன்றத்தின் நிர்வாகப் பிரிவு திட்டத்தை நடத்துகிறது. யாரும் வந்து பெற்றுக்கொள்ளாத லாட்டரிப் பரிசுப் பணத்தின் ஒரு பங்கு அதற்கு ஒதுக்கப்படுகிறது. கலிபோர்னியாவில் உள்ளூர்த் திட்டங்கள் தனித்தனி லாப நோக்கற்ற அமைப்புகளாக இருந்தாலும் மாநில நீதித்துறை மன்றத்தின் விதி அவற்றைக் கட்டுப்படுத்துகிறது. டெக்சாஸில் அரசு ஒரு மாநில அளவிலான அமைப்போடு ஒப்பந்தம் செய்துகொண்டு, அதன் வழியாக உள்ளூர்த் திட்டங்களுக்குப் பணத்தையும் தர விதிகளையும் அனுப்புகிறது.

வர்ஜீனியா தேர்ந்தெடுத்த வழி சற்று வேறு. 1990-இல் சட்டமன்றம் உருவாக்கிய திட்டத்தை அங்கே நிர்வகிப்பது குற்றவியல் நீதிப் பணிகள் துறை. நீதிமன்றமும் சமூக நலத் துறையும் இருக்க, நிர்வாகத்தை மூன்றாவதாக ஒரு துறையிடம் கொடுத்தது எனக்குச் சரியான முடிவாகவே படுகிறது. குழந்தையை வீட்டிலிருந்து அகற்றும் துறையே, அந்த அகற்றலைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டிய தன்னார்வலரையும் மேற்பார்வை செய்தால், தன்னார்வலரின் சுதந்திரம் பெயரளவுக்கே மிஞ்சும்.

ஆகவே உங்கள் முதல் வேலை, உங்கள் மாநிலத்தில் விதி வகுப்பது யார், பணம் கொடுப்பது யார், தன்னார்வலரை வழக்கில் நியமிப்பது யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் பெயரோடு விடை எழுதிக்கொள்வது. மூன்றுக்கும் ஒரே விடை வந்தால் கூடுதல் கவனம் தேவை.

இரண்டாம் படி: சட்டத்தை மூல வடிவில் படித்தல்

வர்ஜீனியா சட்டத் தொகுப்பின் 9.1-151 முதல் 9.1-157 வரையுள்ள ஏழு பிரிவுகளே இத்திட்டத்தின் அடித்தளம். அவற்றின் கீழ் வகுக்கப்பட்ட நிர்வாக விதிகள் தனியே உள்ளன. இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மாலைப் பொழுதில் படித்து முடிக்கக்கூடிய அளவுதான். நிர்வாகக் குழுவில் பல ஆண்டுகள் இருந்தும் இவற்றைப் படித்திராதவர்கள் உண்டு என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

படிக்கும்போது 9.1-153-ஆம் பிரிவில் நின்று நிதானியுங்கள். தன்னார்வலரின் கடமைகள் அங்கே எண்ணிச் சொல்லப்பட்டுள்ளன. ஒப்படைக்கப்பட்ட வழக்கை ஆராய்ந்து நீதிமன்றத்துக்குச் சார்பற்ற உண்மை விவரங்களைத் தர வேண்டும். எழுத்து வடிவில் அறிக்கை அளிக்க வேண்டும். நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகள் நிறைவேறுகின்றனவா என்று கண்காணிக்க வேண்டும். குழந்தைக்காக நியமிக்கப்பட்ட வழக்குப் பாதுகாவலருக்கு உதவ வேண்டும். குழந்தை கொடுமைக்கு ஆளாவதாகச் சந்தேகம் எழுந்தால் புகார் அளிக்க வேண்டும். வர்ஜீனியாவில் வழக்குப் பாதுகாவலர் வழக்கறிஞராகவே இருப்பார் என்பதால், தன்னார்வலர் அவருக்குத் துணையே தவிர மாற்று ஆகமாட்டார். அறிக்கையில் பரிந்துரை இடம்பெறுவதற்குக்கூட நீதிமன்றம் கேட்டிருக்க வேண்டும் என்று சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது.

செய்யக்கூடாதவையும் அதே பிரிவில் இருக்கின்றன. தன்னார்வலர் வழக்கில் ஒரு தரப்பினர் ஆகமாட்டார். சாட்சிகளை அழைக்கவோ குறுக்கு விசாரணை செய்யவோ முடியாது. எவருக்கும் சட்ட ஆலோசனை தரக்கூடாது. தம்மைச் சாட்சியாக அழைத்தால் சாட்சி சொல்லலாம். பெற்றோரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது, 'நீங்கள் இந்த மனுவைப் போட்டால் நல்லது' என்று இரக்கத்தால் சொல்லிவிடுகிற ஒரு வாக்கியமே இந்த எல்லையைத் தாண்டிவிடும்.

உள்ளூர்த் திட்டத்தைப் பற்றி 9.1-152-ஆம் பிரிவு சொல்வதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சட்டத்துக்கு இணங்க நடக்கும் திட்டங்கள் மட்டுமே மாநில நிதி பெறத் தகுதியுடையவை. மாநிலத்தின் கண்காணிப்புக்கு வலு தருவது இந்த ஒரு வரிதான். விதியை மீறினால் துறை நேரடியாகச் செய்யக்கூடியது பணத்தை நிறுத்துவது. பணத்தின் நிழலில்தான் மற்ற எல்லா மேற்பார்வையும் நடக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் அடுத்து வரும் படிகள் எளிதில் விளங்கும்.

மூன்றாம் படி: தன்னார்வலர் தேர்வுக் கோப்பைச் சரிபார்த்தல்

வர்ஜீனியாவில் தன்னார்வலருக்குக் குறைந்தது 21 வயது ஆகியிருக்க வேண்டும். திட்ட இயக்குநர் அவருடைய குற்றப் பின்னணிப் பதிவையும், குழந்தைக் கொடுமை குறித்த மாநில மையப் பதிவேட்டில் அவர் பெயர் உள்ளதா என்பதையும் பெற்றாக வேண்டும். இந்த ஒரு நோக்கத்துக்காகச் சட்டம் தன்னார்வலரைக் குற்றவியல் நீதித் துறைப் பணியாளராகவே கருதுகிறது. சாதாரணத் தொண்டு அமைப்புக்கு எளிதில் கிட்டாத குற்றப் பதிவுகளைப் பார்ப்பதற்கு அதுவே வழி திறக்கிறது.

பின்னணிச் சோதனை தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அகப்பட்டவனைத்தான் அது காட்டும், அகப்படாதவனைக் காட்டாது. அதனால் நேர்காணலுக்கும், உறவினர் அல்லாத பிறர் தரும் நற்சான்றுக்கும் சமமான எடை இருக்க வேண்டும். ஒரு கோப்பைக் கையில் எடுத்தால், நேர்காணல் செய்தவர் எழுதிய குறிப்பு இருக்கிறதா, நற்சான்று தந்தவர்களிடம் யாரேனும் பேசினார்களா, சோதனை முடிந்த தேதி முதல் வழக்கு ஒப்படைக்கப்பட்ட தேதிக்கு முந்தியதா என்று பாருங்கள். இந்தக் கடைசிக் கேள்வியில்தான் திட்டங்கள் பெரும்பாலும் தடுக்கி விழும். ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் இயக்குநருக்கு, 'சோதனை முடிவு அடுத்த வாரம் வந்துவிடும், அதற்குள் குழந்தையைப் பார்த்துவிட்டு வரட்டும்' என்று தோன்றுவது இயல்பு. அந்த ஒரு வாரத்துக்காகத்தான் இந்த விதியே இருக்கிறது. பல ஆண்டுகளாகப் பணியாற்றுபவரின் சோதனை குறித்த இடைவெளியில் புதுப்பிக்கப்படுகிறதா என்பதையும் கேளுங்கள்.

நலன் முரண்பாடு தனியாகக் கவனிக்க வேண்டியது. குழந்தையின் குடும்பத்தோடு தொழில் வகையிலோ சொந்த வகையிலோ உறவு உள்ளவரை அந்த வழக்கில் நியமிக்கக்கூடாது. உண்மையான முரண்பாடு மட்டுமின்றி, பார்ப்பவருக்கு முரண்பாடாகத் தோன்றக்கூடிய தொடர்பும் தன்னார்வலருக்கு இருக்கக்கூடாது. சிறிய சமூகங்களில் இது கடினமானது. ஒரே கோயில், ஒரே தமிழ்ப் பள்ளி, ஒரே நண்பர் வட்டம் என்று வாழும் நம்மவர்கள் இதைப் பிறரைக் காட்டிலும் நன்கு அறிவார்கள். தமிழ்க் குடும்பத்தின் குழந்தைக்குத் தமிழ் பேசும் தன்னார்வலர் கிடைப்பது பெரிய உதவி. ஆனால் அவர் அந்தக் குடும்பத்தை விழாக்களில் சந்தித்துப் பேசிப் பழகியவராக இருந்தால் விலகிக்கொள்வதே முறை.

நான்காம் படி: பயிற்சிக்கான சான்றுகள்

பயிற்சியை வெற்றிகரமாக முடிக்காத எவரையும் வழக்கில் நியமிக்கக்கூடாது என்று வர்ஜீனியா சட்டம் சொல்கிறது. காசா திட்டங்களின் தேசிய சங்கம் வகுத்த தர விதிகள் தொடக்கப் பயிற்சிக்குக் குறைந்தது 30 மணி நேரமும், அதன்பின் ஆண்டுதோறும் 12 மணி நேரமும் கேட்கின்றன. வருகைப் பதிவேட்டையும் பாடத் தலைப்புகளையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். நீதிமன்ற நடைமுறை, குழந்தை வளர்ச்சி, மன அதிர்ச்சியின் விளைவுகள், போதைப் பழக்கம், வீட்டு வன்முறை ஆகியவை எல்லா இடத்திலும் இருக்கும். பூர்வகுடிக் குழந்தைகளுக்கான 1978-ஆம் ஆண்டுச் சட்டம் கற்பிக்கப்படுகிறதா, வேறு பண்பாட்டுக் குடும்பங்களை எப்படிப் புரிந்துகொள்வது என்ற பாடம் ஒரு மணி நேரச் சடங்காக முடிந்துவிடுகிறதா என்பவற்றைக் குறிப்பாக விசாரியுங்கள். தாத்தா பாட்டியோடு ஒரே படுக்கையில் உறங்கும் ஆறு வயதுக் குழந்தையைப் பார்த்து, 'தனி அறை இல்லை, புறக்கணிப்பு' என்று எழுதும் தன்னார்வலர் கெட்டவர் இல்லை. அவருக்கு எவரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரி நீதிபதியின் மேசைக்குப் போய்விட்டால் அதைத் திரும்ப அழைப்பது எளிதன்று.

ஐந்தாம் படி: அன்றாட மேற்பார்வையை அளத்தல்

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது இதுதான். மாநில அலுவலர் ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ வருவார். நீதிபதி சில மாதங்களுக்கு ஒருமுறை வழக்கைப் பார்ப்பார். வாரந்தோறும் தன்னார்வலரோடு பேசுபவர் திட்டத்தின் மேற்பார்வையாளர் ஒருவரே. அவர் கையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே கண்காணிப்பு உயிரோடு இருக்கும்.

தேசிய தர விதிகளின்படி முழுநேர மேற்பார்வையாளர் ஒருவர் 30 தன்னார்வலர்களுக்கு மேல், அல்லது 45 வழக்குகளுக்கு மேல் பார்க்கக்கூடாது. ஒரு தன்னார்வலர் ஒரே நேரத்தில் இரண்டு வழக்குகளுக்கு மேல் எடுக்காமலிருப்பது பொது விதி. விதிவிலக்கு அளித்தால் காரணம் எழுதப்பட வேண்டும். தன்னார்வலர் குழந்தையை மாதம் ஒருமுறையேனும் நேரில் சந்திக்க வேண்டும். முடியாமற்போனால் அதற்கும் காரணம் கோப்பில் இருக்க வேண்டும். இந்த எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, திட்டத்தின் உண்மையான எண்களைப் பக்கத்தில் எழுதுங்கள். மேற்பார்வையாளர் விடுப்பில் போன மூன்று மாதத்தில் அவருடைய வழக்குகளை யார் பார்த்தார்கள் என்றும் கேளுங்கள். ஆண்டுச் சராசரியில் ஒளிந்துகொள்ளும் குறைகள் இப்படித்தான் வெளிப்படும்.

சந்திப்புப் பதிவுகளைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. 'குழந்தையைச் சந்தித்தேன், நலமாக இருக்கிறான்' என்ற வாக்கியம் தொடர்ந்து நான்கு மாதம் அதே வடிவில் இருந்தால், சந்திப்பு நடந்ததா என்றே ஐயப்பட வேண்டும். எங்கே சந்தித்தார், எவ்வளவு நேரம், வளர்ப்புப் பெற்றோர் அருகில் இருந்தார்களா, குழந்தை என்ன சொன்னது, போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன மாறியது என்பவை பதிவில் தெரிய வேண்டும். வளர்ப்பு இல்லத்தில் இருக்கும் குழந்தை அங்குள்ளவர்களின் எதிரில் அந்த வீட்டைப் பற்றிக் குறை சொல்லாது. தனியே பேசிய சந்திப்புகள் எத்தனை என்று எண்ணினால், அந்த எண்ணிக்கை பல அறிக்கைகளை விடக் கூடுதலாக உண்மை பேசும்.

அறிக்கை எழுதும் முறையும் இந்தப் படியிலேயே அடங்கும். மேற்பார்வையாளர் ஒவ்வோர் அறிக்கையையும் நீதிமன்றத்துக்குப் போகுமுன் படிக்க வேண்டும். பார்த்ததும் கேட்டதும் ஊகித்ததும் தனித்தனியே பிரித்து எழுதப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். அதே வேளையில் தன்னார்வலருக்குத் தெரியாமலும் அவர் ஒப்புக்கொள்ளாமலும் அறிக்கையையோ பரிந்துரையையோ அலுவலர்கள் மாற்றக்கூடாது என்பது தேசிய தர விதி. இந்த இரண்டுக்கும் இடையே ஓர் இழுபறி எப்போதும் இருக்கும். கருத்து வேறுபாடு வந்தால் யார் முடிவெடுப்பது என்று எழுதிவைத்த நடைமுறை ஒன்று திட்டத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இயக்குநரின் பதில் 'எங்களுக்குள் அப்படி எல்லாம் வேறுபாடு வருவதில்லை' என்பதாக இருந்தால், அங்கே அறிக்கைகளை யாரும் ஊன்றிப் படிப்பதில்லை என்றே நான் எண்ணுவேன்.

குழந்தையைத் தம் வீட்டில் தங்கவைப்பது, பெரிய பரிசுகளும் பணமும் தருவது, பெற்றோருக்கும் குழந்தைக்கும் இடையே தாமே ஏற்பாடுகள் செய்வது போன்றவற்றைத் திட்டங்கள் தடைசெய்வதற்கும் காரணம் உண்டு. அன்பால் செய்யப்படும் இவை, ஏற்கெனவே பெரியவர்களால் ஏமாற்றப்பட்ட ஒரு குழந்தைக்குத் தன்னார்வலர் யார் என்ற குழப்பத்தை உண்டாக்கும். வழக்கு முடிந்து அவர் விலகும் நாளில் அது இன்னொரு கைவிடலாகிவிடும்.

ஆறாம் படி: ஆவணங்களும் ரகசியமும்

தன்னார்வலர் தம் நியமன ஆணையையும் நீதிமன்றத்தின் குறிப்பான உத்தரவையும் காட்டினால், குழந்தையின் ஒப்புதலோ பெற்றோரின் ஒப்புதலோ இன்றியே அரசு அலுவலகமும் பள்ளியும் மருத்துவமனையும் மருத்துவரும் குழந்தை தொடர்பான பதிவேடுகளைப் பார்க்கவும் நகலெடுக்கவும் அனுமதிக்க வேண்டும் என்று வர்ஜீனியாவின் 9.1-156-ஆம் பிரிவு சொல்கிறது. மனநலச் சிகிச்சைப் பதிவுகளைக் கையில் கொடுப்பதற்குப் பதிலாக, சிகிச்சை அளிப்பவர் 72 மணி நேரத்துக்குள் தன்னார்வலருடன் அமர்ந்து அவற்றை விளக்கும் மாற்று ஏற்பாடும் அதே பிரிவில் இருக்கிறது. இப்படிப் பெற்ற ரகசியத் தகவலை நீதிமன்ற ஆணை இன்றி வெளியிடக்கூடாது.

சட்டம் எழுதப்பட்ட காலத்தில் கோப்பு என்றால் காகிதம். இன்று தன்னார்வலரின் சொந்த மின்னஞ்சலிலும் கைபேசிப் புகைப்படங்களிலும் குழந்தையின் வாழ்க்கை சிதறிக் கிடக்கக்கூடும். திட்டத்தின் தனி மின்னஞ்சல் கணக்கு தரப்படுகிறதா, கைபேசி தொலைந்தால் என்ன செய்வது என்ற விதி உண்டா, வழக்கு முடிந்தபின் தன்னார்வலர் வீட்டில் இருக்கும் குறிப்பேடுகள் திரும்பப் பெறப்படுகின்றனவா என்பனவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

ஏழாம் படி: பணத்தின் பாதையைப் பின்தொடர்தல்

உள்ளூர்த் திட்டத்துக்கு மாநிலத்தின் பொது நிதி, கூட்டாட்சி மானியங்கள், உள்ளூராட்சியின் பங்கு, நன்கொடை எனப் பல வாய்க்கால்களில் பணம் வரும். கூட்டாட்சிப் பணத்தில் முக்கியமானது 1984-ஆம் ஆண்டுக் குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் சட்டத்தின் கீழ் வரும் நிதி. அது பொதுமக்களின் வரியிலிருந்து வருவதன்று. கூட்டாட்சிக் குற்ற வழக்குகளில் விதிக்கப்படும் அபராதங்கள் சேரும் நிதியத்திலிருந்து வருகிறது. அபராத வரவு குறைந்தால் மானியமும் குறையும் என்பதால் திட்டங்கள் சில ஆண்டுகளில் திடீரெனத் தவித்திருக்கின்றன. 2021-இல் அந்த நிதியத்துக்கு வரும் வரவை விரிவாக்கச் சட்டத் திருத்தம் செய்யப்பட்டது.

இந்த நிதியைப் பெறும் அமைப்பு பொதுவாகத் திட்டச் செலவில் 20 விழுக்காட்டைத் தன் பங்காகக் காட்ட வேண்டும். தன்னார்வலர் உழைத்த மணி நேரங்களையும் மதிப்பிட்டு அந்தப் பங்கில் சேர்க்க இடமுண்டு. ஆகவே மணி நேரப் பதிவு என்பது நன்றிக் கடிதத்துக்கான எண்ணிக்கையாக மட்டும் இருப்பதில்லை, கணக்கு ஆவணமாகவும் ஆகிறது. நன்கொடை திரட்டுவதற்கும் அரசியல் ஆதரவு தேடுவதற்கும் இந்தப் பணத்தைச் செலவிட முடியாது. ஒரே அலுவலர் காலையில் தன்னார்வலரை மேற்பார்வை செய்து மாலையில் நன்கொடை விருந்துக்கு ஏற்பாடு செய்தால், அவருடைய சம்பளம் எந்தக் கணக்கில் எவ்வளவு எழுதப்பட்டது என்பதை நேரப் பதிவேடு காட்ட வேண்டும்.

அமைப்பின் ஆண்டு வருமான வரிப் படிவம் 990 பொதுமக்கள் பார்வைக்கு உரியது. ஓர் ஆண்டில் செலவிடும் கூட்டாட்சிப் பணம் குறித்த வரம்பை எட்டினால் விரிவான ஒருங்கிணைந்த தணிக்கை கட்டாயம்; 7,50,000 டாலராக இருந்த அந்த வரம்பு, 2024 அக்டோபர் முதல் தேதியிலோ அதற்குப் பின்னோ தொடங்கும் நிதியாண்டுகளுக்கு 10,00,000 டாலராக உயர்த்தப்பட்டது. சிறிய திட்டங்கள் பெரும்பாலும் இந்த வரம்புக்குக் கீழேதான் இருக்கும் என்பதால், அங்கே நிர்வாகக் குழுவின் பொருளாளர் எவ்வளவு கவனமானவர் என்பதே கேள்வி.

2025 ஏப்ரலில் கூட்டாட்சி அரசின் நீதி அமைச்சகம் தேசிய சங்கத்துக்கு வழங்கிவந்த மானியங்களை நிறுத்தியபோது, மேலிருந்து வரும் ஒரே வாய்க்காலை நம்பியிருந்தவர்கள் எவ்வளவு பாதுகாப்பற்றவர்கள் என்பது தெரிந்தது. வரவில் பெரும்பங்கு ஒரே மூலத்திலிருந்து வருகிறதா, அது நின்றால் எத்தனை மாதம் திட்டம் தாங்கும் என்ற கேள்விகளை நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்பில் தேடுங்கள். பணம் நின்றால் முதலில் குறைவது மேற்பார்வையாளர் எண்ணிக்கைதான். ஐந்தாம் படியில் பார்த்த விகிதம் அங்கே உடையும்.

எட்டாம் படி: மாநில அலுவலரின் நேரடி ஆய்வு

குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் நிதியைப் பகிர்ந்தளிக்கும் மாநிலத் துறை, நிதி பெறும் ஒவ்வோர் அமைப்பையும் குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நேரில் சென்று ஆய்வு செய்ய வேண்டும் என்பது கூட்டாட்சி விதி; இடர் மதிப்பீட்டின் அடிப்படையில் வேறு கால இடைவெளியைத் தன் கண்காணிப்புத் திட்டத்தில் வகுத்துக்கொள்ளலாம். இடைப்பட்ட காலத்தில் அலுவலகத்திலிருந்தபடியே அறிக்கைகளைச் சரிபார்ப்பார்கள்.

ஆய்வுக்குத் தயாராவது என்றால் வருகைக்கு முந்தைய வாரம் கோப்புகளை அடுக்கி வைப்பது என்று பல இடங்களில் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைக்கும் திட்டத்தில் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் முன்வந்து, காலாண்டுக்கு ஒருமுறை தன்னார்வலர் கோப்பு ஐந்தையும் வழக்குக் கோப்பு ஐந்தையும் கையில் அகப்பட்டபடி எடுக்கச் சொல்லலாம். குழந்தையின் அடையாளம் தெரியும் பக்கங்களை அவர் பார்க்க வேண்டியதில்லை. ரகசியத்துக்கு உட்பட்ட அலுவலர் ஒருவர் ஒவ்வொரு கோப்பிலும் சோதனைத் தேதி, பயிற்சித் தேதி, நியமன ஆணை, மாதச் சந்திப்புப் பதிவு, அறிக்கை சமர்ப்பித்த தேதி ஆகிய ஐந்தும் இருக்கின்றனவா என்று மட்டும் படித்துச் சொன்னால் போதும். மாநில அலுவலர் கண்டுபிடிக்கும் குறைகளில் பெரும்பகுதியை இந்த ஒரு மணி நேர வேலை முன்கூட்டியே காட்டிவிடும்.

ஆய்வின் முடிவில் குறைகள் எழுத்தில் வரும்; திட்டம் திருத்த நடவடிக்கையைக் குறித்த நாளுக்குள் எழுதித் தர வேண்டும். அந்தக் கடிதத்தை இயக்குநர் மட்டும் படித்து மூடிவைக்காமல் முழு நிர்வாகக் குழுவின் முன்னும் வைத்தாரா என்று பாருங்கள். நீங்கள் குழுவில் இல்லாத குடிமகன் என்றால், வர்ஜீனியாவின் தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி துறையிடம் அந்த ஆய்வு அறிக்கையைக் கேட்கலாம். மாநிலக் குடிமக்களின் கோரிக்கைக்கு அரசு அமைப்பு ஐந்து வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். குழந்தைகளின் விவரங்கள் மறைக்கப்பட்டே வரும், வரவும் வேண்டும்.

ஒன்பதாம் படி: புகார் செல்லும் வழி

குழந்தை ஆபத்தில் இருப்பதாகச் சந்தேகம் என்றால், அது தன்னார்வலரைப் பற்றியதாகவே இருந்தாலும், மாநிலக் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுக்கு உடனே சொல்ல வேண்டும். காசா தன்னார்வலர் சட்டப்படி கட்டாயம் புகாரளிக்க வேண்டியவர்களில் ஒருவர், 24 மணி நேரத்துக்கு மேல் தாமதிக்கக்கூடாது. தன்னார்வலர் எல்லை மீறினார், பொய் எழுதினார், சந்திக்கவே இல்லை போன்ற புகார்கள் முதலில் திட்ட இயக்குநருக்கும், இயக்குநரைப் பற்றியது என்றால் நிர்வாகக் குழுத் தலைவருக்கும், அங்கே தீராவிட்டால் துறைக்கும் போகலாம். வழக்கு நடக்கும்போது பெற்றோர் தம் வழக்கறிஞர் வழியாகவே அறிக்கையை மறுக்க வேண்டும். நீதிபதிக்கு நேராகக் கடிதம் எழுதுவது பயன் தராது. தன்னார்வலர் தம் கடமை வரம்புக்குள் நின்றால், கடும் அலட்சியமோ வேண்டுமென்றே செய்த தவறோ இருந்தாலொழிய அவருக்குத் தனிப்பட்ட சட்டப் பொறுப்பு இல்லை என்று 9.1-154-ஆம் பிரிவு காக்கிறது. பின்னர் வழக்குப் போட்டு நியாயம் தேடும் வாய்ப்பு இதனால் குறுகுவதால், முன்கூட்டியே தடுக்கும் மேற்பார்வையின் பொறுப்பு அந்த அளவுக்குக் கூடுகிறது.

பத்தாம் படி: எண்ணிக்கைகளை எச்சரிக்கையோடு படித்தல்

ஆண்டறிக்கையில் இத்தனை குழந்தைகளுக்குச் சேவை செய்தோம், இத்தனை மணி நேரம் உழைத்தோம் என்று இருக்கும். அவற்றிலிருந்து திட்டத்தின் தரத்தை அளக்க முடியாது. காசா உள்ள குழந்தைகளையும் இல்லாத குழந்தைகளையும் ஒப்பிட்டு வெற்றி பேசும் வரிகளிலும் ஒரு சிக்கல் உண்டு. தன்னார்வலர்கள் குறைவாக இருப்பதால் நீதிபதிகள் கடினமான வழக்குகளுக்கே அவர்களைக் கேட்பது வழக்கம்; இரு பிரிவுகளும் தொடக்கத்திலேயே சமமாக இருப்பதில்லை. ஆகையால் நான் கேட்கச் சொல்வது வேறு எண்களை: நீதிபதி கேட்டும் தன்னார்வலர் கிடைக்காமல் காத்திருக்கும் குழந்தைகள் எத்தனை, மாதச் சந்திப்பு தவறிய வழக்குகள் எத்தனை, வழக்கு முடியுமுன் விலகிய தன்னார்வலர்கள் எத்தனை, தாமதமாகப் போன அறிக்கைகள் எத்தனை.

கடைசிப் படி: விலகலும் மூடலும்

வர்ஜீனியா சட்டப்படி, நீதிமன்றமோ திட்ட இயக்குநரோ விடுவிக்கும் வரை தன்னார்வலர் தம் வழக்கில் தொடர வேண்டும். ஆனாலும் வேலை மாறும், ஊர் மாறும், உடல் நலம் கெடும். அப்போது அடுத்தவர் எத்தனை நாளில் நியமிக்கப்படுகிறார், பழையவர் குழந்தையிடம் நேரில் விடைபெறுகிறாரா, அவரிடமிருந்த ஆவணங்கள் எண்ணிப் பெறப்படுகின்றனவா என்று திட்டத்தின் நடைமுறை எழுத்தில் சொல்ல வேண்டும். பணம் தீர்ந்து திட்டமே மூடப்பட்டால் திறந்திருக்கும் வழக்குகளின் பட்டியலை நீதிமன்றத்துக்கு யார் தருவார், கோப்புகள் எந்த அலுவலகத்தில் எத்தனை ஆண்டு பூட்டி வைக்கப்படும், பத்து ஆண்டுக்குப் பின் வளர்ந்த ஒருவர் வந்து 'எனக்காக அன்று என்ன எழுதினார்கள்' என்று கேட்டால் அதைக் கேட்க எங்கே போக வேண்டும் என்பவற்றுக்கு இன்றே விடை எழுதிவைக்கச் சொல்லி நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை முன்மொழியுங்கள்.